கயிற்றுக்கடை அண்ணாச்சியின் பிராந்தி லைசென்ஸ்

தூத்துக்குடியில் பழைய துறைமுகத்துக்குப் போகிற வழியில் எங்கள் தெரு. அந்தத் தெருவில் மூன்று வருஷம் கயிற்றுக்கடை அண்ணாச்சியைப் பார்த்துப் பொறாமைப்படாத ஆண்பிள்ளை ஒருத்தர்கூடக் கிடையாது. மற்றவர்கள் எல்லாம் வேலை போக மிச்ச நேரத்தில் பொறாமைப்பட்டார்கள். நான் முழுநேரமும் பட்டேன். என் சோடாக் கடையில் நின்றால் எதிர்ச்சாரியில் நாலைந்து கடை தள்ளி அவர் கடை வாசல் தெளிவாகத் தெரியும். அதனால் எனக்கு அந்த வசதி இருந்தது.

அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எங்களுக்கு அது தேவைப்படவில்லை. தோணிகளுக்கும் வள்ளங்களுக்கும் கயிறு விற்றவர், அதனால் கயிற்றுக்கடை அண்ணாச்சி. வாழ்நாளில் ஒரு சொட்டு மது தொட்டதில்லை. மதுவை விடுங்கள், யாராவது தலைவலித் தைலம் தேய்த்துக்கொண்டு பக்கத்தில் வந்தாலே ஏழு தும்மல் தும்முவார். இப்பேர்ப்பட்ட மனிதருக்குத்தான் அரசாங்கம் பிராந்திக் கடை லைசென்ஸ் கொடுத்தது. எனக்குக் கொடுக்கவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் மதுவிலக்கைத் தளர்த்தினார்களே, அப்போது நடந்தது இது. செய்தி கேட்டதும் முதலில் விண்ணப்பம் போட்டவன் நான்தான். என்னிடம் சோடா இருந்தது, கண்ணாடி கிளாஸ் இருந்தது, ஐஸ் பெட்டி இருந்தது. இல்லாதது பிராந்தி ஒன்றுதான். அதற்காக நான் அலைந்த அலைச்சல் கொஞ்சமா? சொத்து மதிப்புச் சான்றிதழ், கட்டிடச் சொந்தக்காரர் சம்மதக் கடிதம், கடையின் வரைபடம் மூன்று நகல், அதற்கு மேல் நன்னடத்தைச் சான்றிதழ். பாதிரியார் கையெழுத்து இருந்தால் நல்லது என்று தாலுகா ஆபீஸ் கிளார்க் ஒருவர் கொளுத்திப் போட்டார். 'பிராந்தி விற்கிற அளவுக்கு நான் நல்லவன் என்று எழுதித் தாருங்கள் சாமி' என்று ஒரு பாதிரியாரிடம் போய்க் கேட்க முடியுமா? நான் கேட்டேன். அவரும் தலையில் அடித்துக்கொண்டே எழுதித் தந்தார்.

எல்லாக் காகிதமும் சேர்ந்த பிறகு கலால் இன்ஸ்பெக்டர் அளக்க வந்தார். கோயிலிலிருந்தும் பள்ளிக்கூடத்திலிருந்தும் இத்தனை கஜம் தள்ளித்தான் கடை இருக்க வேண்டும் என்று விதி. எத்தனை கஜம் என்பது மறந்துவிட்டது. நான் தோற்ற விஷயங்களை ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. எங்கள் தெருவில் கோயிலும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. ஆனால் என் கடையை ஒட்டி முனையில் ஒரு குருசடி இருந்தது. கல் சிலுவை ஒன்றை நட்டு, சுற்றி இடுப்பளவு சுவர் எழுப்பி, மெழுகுவர்த்தி வைக்க ஒரு மாடம். கடற்கரைத் தெருக்களில் நாலு எட்டு வைத்தால் இப்படி ஒன்று இருக்கும். கொழும்பிலிருந்து வரும்போது தோணி புயலில் மாட்டி, உயிர் பிழைத்துக் கரையேறிய யாரோ ஒருவர் நேர்ந்துகொண்டு நட்டதாக இருக்கும்.

"இது யாரு வச்சது?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"எங்க தாத்தா சார்."

"நல்ல மனுசன்," என்று சொல்லி ஃபைலை மூடிவிட்டார்.

அதே வாரம் அண்ணாச்சி தன் கடையிலிருந்தே ஒரு கயிற்றை எடுத்தார். கஜத்துக்கு ஒரு முடிச்சு போட்டார். குருசடிச் சுவரிலிருந்து தன் கடை வாசல்வரை இழுத்துப் பிடித்து அளந்தார். விதி கேட்டதற்கு மேல் சரியாக ஒரு முழம் இருந்தது. வீட்டுக்காரம்மாவின் வளையலை அடகு வைத்து டெபாசிட் கட்டி விண்ணப்பம் போட்டார். இன்ஸ்பெக்டரின் அளவுச் சங்கிலியும் அதே ஒரு முழத்தைக் காட்டியது. என் தாத்தா புயலில் தப்பித்ததற்கு அண்ணாச்சிக்கு லைசென்ஸ் கிடைத்தது. அன்று எனக்கு வந்த வயிற்றெரிச்சலுக்கு நானே கலக்கிய இஞ்சி சோடாகூடக் கேட்கவில்லை.

கடை நடத்தத் தெரியாமல் ஆறு மாதத்தில் மூடிவிடுவார் என்று நம்பியிருந்தேன். அண்ணாச்சி கடை நடத்தினார் பாருங்கள், அப்படி ஒரு பிராந்திக் கடை உலகத்திலேயே நடந்திருக்காது. மூக்கில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கேட்ட பாட்டிலை எடுத்துச் செய்தித்தாளில் சுற்றுவார். அப்புறம் கயிறு. கழுத்திலிருந்து அடிவரை தேங்காய் நார்க் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, பாய்மரம் கட்டுகிற முடிச்சுகள் ஏழெட்டைப் போட்டு இறுக்கித்தான் கையில் கொடுப்பார்.

"என்ன அண்ணாச்சி இது, பிராந்திய வாங்குனமா, நங்கூரத்த வாங்குனமா?" என்று ஒரு உப்பளத்து மேஸ்திரி சண்டைக்கே போய்விட்டார்.

"கோவப்படாதீய. கடைக்கு முன்னாடி எவனும் குடிக்கக்கூடாதுன்னு லைசென்சுல போட்டிருக்கு. குடிச்சா கடை போயிரும். சொன்னா கேப்பானுவளா? அதான் கெட்டித் தாரேன். வீட்டுல போயி அவுத்துக்கிடுங்க."

மேஸ்திரி தெருவிலேயே பல்லால் கடித்துப் பார்த்தார். கயிறு அப்படியே இருந்தது, பல்தான் ஆடிவிட்டது. தோணிக்காரர்களுக்கு முடிச்சு அவிழ்க்கத் தெரியுமே என்பீர்கள். அவர்களுக்கென்று அண்ணாச்சி தனியாக ஒரு முடிச்சு வைத்திருந்தார். அதைக் கண்டவர்கள் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு என் கடை பெஞ்சில் அரைமணி நேரம் போராடுவார்கள். தாகத்துக்கு ஒரு சோடாவும் குடிப்பார்கள்.

அந்த முடிச்சுகளை அவிழ்க்கத் தெரிந்தவர்கள் எங்கள் தெருவில் வலை பின்னுகிற பெண்கள் மட்டும்தான். அவர்கள் விரலுக்கு அது ஒரு நிமிஷ வேலை. எனவே பிராந்தி வாங்கிய எந்தப் புருஷனும் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெண்டாட்டி கையில்தான் கொடுத்தாக வேண்டும். எப்போது அவிழ்ப்பது, எவ்வளவு ஊற்றுவது என்பதெல்லாம் அம்மணிகளின் தீர்மானம் ஆகிவிட்டது.

இது தெரியாமல் நான் ஒரு காரியம் செய்தேன். தெருவில் குடிகாரர்கள் தொல்லை, கடையை அகற்ற வேண்டும் என்று ஒரு மனு எழுதி, பெண்களிடம் கையெழுத்து வாங்கக் கிளம்பினேன். முதலில் போனது செசிலி அக்கா வீடு. தெருவிலேயே வலை பின்னுவதில் கெட்டிக்காரி. புருஷன் தோணியில் போகிறவர், சம்பளத்தை வழியிலேயே கரைக்கிறவர்.

மனுவைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏலே, ஒனக்கு என்ன பைத்தியமா? முன்னெல்லாம் இவரு எங்கன குடிச்சாரு, எங்கன விழுந்து கெடக்காருன்னு தேடி அலைவேன். இப்ப பாட்டில நேரா எங்கிட்டக் கொண்டாந்து குடுத்துட்டுக் கையக் கெட்டி நிக்காரு. சம்பளம் கைக்கு வந்த பெறவுதான் முடிச்ச தொடுவேன். அண்ணாச்சி கடையில கை வச்ச, ஒன் சோடாக் கடையில ஒரு பாட்டில் இருக்காது பாத்துக்கோ."

மனுவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அண்ணாச்சி தினமும் மத்தியானம் ஒரு பன்னீர் சோடா குடிக்க என் கடைக்கு வருவார். என் மனசில் இருப்பது அவருக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் வாயைக் கிண்டினேன்.

"பிராந்தியில நல்ல லாபமோ அண்ணாச்சி?"

"லாபமா? கேளு சொல்லுதேன். லைசென்சு பீசு கெட்டணும். விக்கோ விக்கலையோ மாசாமாசம் அவங்க சொன்ன கணக்குக்குப் பெட்டிய எடுத்தே ஆவணும். வழியில ஒடஞ்சா எந்தலையில. சோதனைக்கு வார ஆபீசருக்கெல்லாம் மரியாத செய்யணும். இதுல கயிறு வேற ஓசி. எனக்குன்னு நிக்கது பெட்டிக்குள்ள பாட்டில் ஒடையாம இருக்க வச்சு அனுப்புத வைக்கல்தான். அதையும் பக்கத்து வீட்டு மாடு தின்னுட்டுப் போயிருது."

நான் இதில் ஒரு வார்த்தையைக்கூட நம்பவில்லை. கோடி கோடியாகக் குவிக்கிறவன்தான் இப்படி அழுவான் என்று முடிவுகட்டினேன். அவர் கடை வந்த பிறகு என் சோடா வியாபாரம் இரட்டிப்பானதையும் நான் கவனிக்கவில்லை. கவனித்தபோதும் அது என் கைப்பக்குவம் என்று எடுத்துக்கொண்டேன்.

லைசென்ஸை வருஷாவருஷம் புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் புதிதாக அளப்பார்கள். முதல் வருஷம் தப்பியது. இரண்டாம் வருஷம் புதுப்பிக்கும் நேரம் நெருங்கியபோது, ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், பிரசங்கத்தின் நடுவில் எனக்கு அந்த யோசனை வந்தது. அண்ணாச்சிக்கு மிச்சம் இருப்பது ஒரே ஒரு முழம். குருசடி இரண்டு முழம் முன்னால் வந்துவிட்டால்?

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "தாத்தா குருசடிக்கு முன்னால ஒரு படி கெட்டணும்மா. பெரியவங்க முழங்கால் போட முடியாம தரையில கெடந்து கஷ்டப்படுதாங்க."

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இப்பவாவது ஒனக்குப் பத்தி வந்துதே, ராசா," என்று என் நெற்றியில் சிலுவை போட்டாள். கொத்தனாரைக் கூப்பிட்டு, சரியாக இரண்டு முழம் அகலத்தில், அண்ணாச்சி கடைப் பக்கமாகப் படியைக் கட்டினேன். வேலை நடக்கும்போது அண்ணாச்சி வந்து பார்த்தார். படியை மந்திரிக்கப் பாதிரியார் வருகிற அன்று பந்தல் போட, கேட்காமலேயே இரண்டு சுருள் புதுக் கயிறு கொடுத்தனுப்பினார். எனக்கு நெஞ்சில் சுருக்கென்று குத்தியது. ஆனால் அதற்குள் சிமெண்ட் காய்ந்துவிட்டது.

அளக்கிற அன்று இன்ஸ்பெக்டர் காலையிலேயே வந்தார். புதுப் படியிலிருந்து சங்கிலியை இழுத்தார். அண்ணாச்சியின் வாசலுக்கு வந்தபோது ஒரு முழம் குறைந்தது. திரும்பவும் இழுத்தார். திரும்பவும் குறைந்தது. அண்ணாச்சி மூக்கில் கட்டிய துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். லைசென்ஸ் போனால் டெபாசிட் வருமா வராதா என்று யாருக்கும் தெரியாது. வளையல் வராது என்பது மட்டும் தெருவுக்கே தெரியும்.

இன்ஸ்பெக்டர் என்னிடம் வந்து ஒரு தாளை நீட்டினார். "குருசடி ஒங்க குடும்பத்துது. இந்தப் படியும் சாமி கும்புடுத எடம்தான்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. மேல அனுப்பணும். நான் ஒரு டீ குடிச்சிட்டு வாரேன்."

இரண்டு வருஷம் காத்திருந்த நேரம் அது. பேனாவைத் திறந்துவிட்டேன். அண்ணாச்சி தெருவைக் கடந்து என் கடைக்கு வந்தார். காதைப் பொத்திக்கொள்கிற அளவுக்கு ஏசப்போகிறார் என்று நினைத்தேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"எழுதியாச்சா தம்பி?"

"இன்னும் இல்ல அண்ணாச்சி."

"எழுது. கொத்தன் நூல் புடிக்கும்போதே எனக்குத் தெரியும். அன்னைக்கே அளந்து பாத்துட்டேன்."

"தெரிஞ்சுமா பந்தலுக்குக் கயிறு குடுத்தீய?"

"சாமி காரியத்துக்கு இல்லன்னு சொல்ல முடியுமா? அது கெடக்கட்டும். ஒன்ன மட்டும் குத்தம் சொல்லக் கூடாது. நான் இந்த லைசென்சுக்கு எதுக்கு எழுதிப் போட்டேன்னு நெனைக்க?"

"காசுக்குத்தான்."

"காசு என்ன காசு. கயிறு ஒருக்க வாங்குனவன் ரெண்டு வருசத்துக்குக் கடைப்பக்கம் எட்டிப் பாக்கமாட்டான். காலையில இருந்து சாயந்திரம் வர நான் தனியா ஒக்காந்து ஒன் கடையவே பாத்துக்கிட்டு இருப்பேன். இங்கன எந்நேரமும் ஆளு. சிரிப்பு. நீ ஒவ்வொருத்தன் தோள்லயும் கையப் போட்டுக் கத பேசுத. எனக்கு வயிறு பத்திக்கிட்டு எரியும்லே. நம்ம கடையிலயும் நாலு பேரு வந்து நின்னு பேசமாட்டானுவளான்னுதான் எழுதிப் போட்டேன். வந்தவன் எவனும் நிக்கல. பாட்டில வாங்குனதும் ஓடிருதான்."

நான் திரும்பி என் கடையைப் பார்த்தேன். ஒரு கால் ஆடுகிற பெஞ்ச். அதில் தோணிக்காரர் இரண்டு பேர் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கடன் சொல்லிக் குடித்த சோடாவுக்கு ஏப்பம் விட்டார். இதைப் பார்த்து ஒரு மனிதர் வருஷக்கணக்கில் வயிறெரிந்திருக்கிறார் என்பது எனக்கு விளங்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் அவர்மேல் எனக்கு ஒரு பாசம் வந்தது பாருங்கள், அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

டீ குடித்துவிட்டு இன்ஸ்பெக்டர் வந்தார். அதற்குள் நான் நாலு சோடாப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டுபோய்ப் புதுப் படியின்மேல் அடுக்கியிருந்தேன்.

"என்னய்யா இது?"

"அது படி இல்ல சார். சோடாப் பெட்டி வைக்கக் கெட்டுன திண்டு."

"சிலுவைக்கு முன்னாடியா?"

"கடையில எடம் பத்தல சார்."

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். அண்ணாச்சியைப் பார்த்தார். சங்கிலியைப் பழைய சுவரில் வைத்து அளந்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

சிலுவைக்கு முன்னால் சோடாப் பெட்டியைக் கண்ட அம்மா இரண்டு நாள் எனக்குச் சோறு போடவில்லை. மூன்றாம் நாள் பாவசங்கீர்த்தனத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். நான் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். முன்பு நன்னடத்தைச் சான்றிதழ் கொடுத்த அதே பாதிரியார்தான்.

"எதுக்கு மன்னிப்புக் கேக்கிற? பொறாமையில படி கட்டினதுக்கா, படியைத் திண்டுன்னு சொன்னதுக்கா?"

"ரெண்டுக்கும்தான் சாமி."

"பத்து அருள்நிறை மந்திரம் சொல்லு. பெட்டிய மொதல்ல எடு," என்றார். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டது எனக்குக் கேட்டது.

அடுத்த தடவை அளக்க யாரும் வரவில்லை. அரசாங்கமே மறுபடி மதுவிலக்கைக் கொண்டுவந்து எல்லாக் கடைகளையும் மூடிவிட்டது. அண்ணாச்சி டெபாசிட்டைத் திரும்ப வாங்கி வளையலை மீட்டுவிட்டு, பழையபடி கயிறு விற்கப் போனார். நான் சும்மா இருக்கவில்லை. என் கடைக்கு வருகிறவர்களிடம், "அண்ணாச்சி ஒங்களக் கேட்டாரு, ஒரு எட்டு பாத்துட்டுப் போங்க," என்று அனுப்பிவைப்பேன். அவர் யாரையும் கேட்டிருக்கமாட்டார். போனவர்கள் அங்கேயே நின்று பேசிக்கொண்டிருப்பார்கள்.

அதற்குப் பிறகு மாடி வீடு கட்டியவனைப் பார்த்து, கார் வாங்கியவனைப் பார்த்து, மகனை வெளிநாட்டுக்கு அனுப்பியவனைப் பார்த்து நான் பொறாமைப்பட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டவர் இந்த உலகத்தில் ஒருத்தர்தான். அவர் காலமாகி ரொம்ப வருஷம் ஆகிறது. அண்ணாச்சி போன பிறகு, என் கடையை அப்படிப் பார்க்க எதிரே ஆளில்லை.