எக்ஸ் எத்தனை டிகிரி?

‘புஸ்ஸ்ஸ்...’

பட்டாசு ஊரான திருத்தங்கலில் இந்தச் சத்தம் கேட்டால் எவனும் முதலில் ஓடுவான். பிறகுதான் என்னவென்று பார்ப்பான். நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். அது வெடித் திரி அல்ல. தெருக்குழாய். தண்ணீர் வருமுன் விடும் பெருமூச்சு.

ராத்திரி முழுக்க அச்சாபீஸில் பட்டாசு லேபிள் அச்சடித்துவிட்டு வந்தவன் நான். இன்றைக்கு ஊரே இடிந்தாலும் எழுவதில்லை என்று சபதம்.

“என்னங்க, தண்ணி வந்துருச்சு. குடத்தை எடுங்க.” மனைவி சண்முகத்தாய்.

குறட்டை விட்டேன். நல்ல குறட்டை. நானே நம்பிவிட்டேன்.

வெளியே அவள் குரல் தணிந்தது. “ஏட்டி பானு, அந்தக் கணக்கை விட்ரு. அஞ்சு பக்கமாம், நாலு கோணந்தான் தெரியுமாம், மிச்சம் எக்ஸாக்கும். ஒங்க அப்பாவுக்கு அல்ஜீப்ராவெல்லாம் எங்க வரப்போகுது?”

எனக்கா வராது? எட்டாவதோடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. நான் கணக்கைக் கைவிடவில்லை. மிஷினில் மை துடைக்க வந்த பழைய புத்தகங்களில், தாளைக் கிழிக்குமுன் நானே படித்த அல்ஜீப்ரா!

போர்வை ஒரு பக்கம் பறந்தது, நான் ஒரு பக்கம்.

“கோணத்தைச் சொல்லு தாயி!”

“நூறு, நூத்திப்பத்து, தொண்ணூறு, நூத்தி இருவத்தஞ்சு,” என்றாள் ஒன்பதாவது படிக்கும் மகள்.

“அஞ்சுல ரெண்டைக் கழி, மூணு. அதை நூத்தியெண்பதால பெருக்கு, ஐநூத்தி நாப்பது. ஐங்கோணம் எம்புட்டுக் கோணலா இருந்தாலும் இந்த மொத்தம் மாறாது. நாலையும் கூட்டினா நானூத்தி இருவத்தஞ்சு. எக்ஸோட இதைக் கூட்டினா ஐநூத்தி நாப்பது. அப்ப எக்ஸ்?”

“நூத்திப் பதினஞ்சு!”

“மொத்தம் மாறவே மாறாதா?” சண்முகத்தாய் அப்பாவியாகக் கேட்டாள்.

“மாறாது புள்ள. நாலு தெரிஞ்சுட்டா அஞ்சாவது எங்கயும் தப்ப முடியாது.”

“அப்பச் சரி. இந்த வீட்டுல அஞ்சு வேலை. சமையல், துணி, பாத்திரம், பெருக்குறது நாலும் நான் பாக்கேன். எக்ஸ் என்னங்க?”

தெருக்குழாய் மாதிரி ஒரு பெருமூச்சு விட்டேன்.

“அது கெடக்கட்டும்,” என்று சமாளித்தேன். “பிள்ளை விடையை எழுதட்டும். நாளைக்கு டீச்சர் கேப்பாக.”

“எந்த டீச்சருப்பா?” பானு சிரித்தாள். “முழுப்பரீட்சை முடிஞ்சு போன வாரமே லீவு விட்டாச்சே. ஒரு கணக்கை எடுத்துட்டு வா, அப்பா எந்திரிக்கணும்னு அம்மாதான் சொன்னாக.”

குழாயடியில் எனக்கு முன்னால் நாலு குடம். அஞ்சாவதாக என்னுடையதை வைத்தேன்.