ஒரு ஷாஃப்ட், இரண்டு கடை

பெல்ட் மறுபடியும் வழுக்கியது. மோட்டார் உயிரைக் கொடுத்து உறுமியது. அரைக்கிற கல் மட்டும் அசைவேனா என்றது. மில்காரர் சுவிட்சை அணைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். சாயங்காலத்துக்குள் மாவு வராவிட்டால் வேறு மில்லைப் பார்த்துக்கொள்வதாக ரொட்டிக்கடைக்காரர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்த ஒரே வாடிக்கையை நம்பித்தான் மில்லே ஓடியது.

இது யார் வேலை என்பதில் மில்காரருக்குத் துளியும் சந்தேகமில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் மச்சானின் மரப்பட்டறை. மச்சான் என்றால் மனைவியின் சொந்தத் தம்பி. மில் மோட்டார் பெல்ட் வழியாகச் சுழற்றுகிற இரும்பு ஷாஃப்ட்தான் அரைக்கிற கல்லைச் சுற்றவைக்கும்; அதுவே சுவரைத் துளைத்துக்கொண்டு போய் அவனுடைய ரம்பத்தையும் சுழற்றும். மாவு அரைக்கும்போது ரம்பத்தை ஓட்டக் கூடாது என்று பேச்சு. இன்றைக்கோ, இவர் சுவிட்சைப் போட்டதும் அந்தப் பக்கமும் உறுமல் கேட்கிறது.

கூட இருந்தே குழி பறிக்கிறானே என்று பொருமியபடி பெல்ட் வழுக்காமல் பிடிக்க அதில் பசைக்கட்டியைத் தேய்த்தார். வழுக்கல் நிற்கவில்லை, கீச்சென்ற சத்தம்தான் கூடியது. மோட்டாரைப் பின்னால் தள்ளி போல்ட்டை முறுக்கினார். கருகல் வாடை வந்தது. சனியன் தொலையட்டும் என்று பெல்ட்டில் நான்கு விரல் நீளம் வெட்டியெறிந்து, முனைகளை இணைத்து, இழுத்துப் பிடித்து மாட்டினார்.

மனைவி எட்டிப் பார்த்து, தம்பியை ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா என்றாள்.

"அவன்கிட்டயா? இன்னையோட சுவரு தனி, ஷாஃப்ட் தனி. சொல்லிடு உன் தம்பிகிட்ட."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். இவர் சுவிட்சைப் போட்டார்.

பட்டென்று பெல்ட் அறுந்து சுவரில் அறைந்தது. அதுவரை பிடிவாதமாக நின்ற கல், மோட்டாரின் பிடி விட்டதும் ஜம்மென்று சுற்ற ஆரம்பித்தது. அதுவும் தலைகீழாக. மில்காரர் சுவிட்சை அணைத்துவிட்டு, அறுந்த பெல்ட்டும் கையுமாகப் பட்டறைக்கு ஓடினார்.

மச்சானைக் காணோம். ரம்பம் ஷாஃப்டோடு மாட்டாமல் சும்மா கிடந்தது. ஷாஃப்டின் இந்த முனையில் புத்தம்புது மோட்டார் ஒன்று உட்கார்ந்திருந்தது. அதன் பெல்ட் எட்டு போட்ட மாதிரி குறுக்காக மாட்டியிருந்தது. குறுக்காக மாட்டினால் எதிர்ப்பக்கம் சுற்றும் என்பது இவருக்குத் தெரியும். காலையிலிருந்து ஒரே ஷாஃப்டை இரண்டு மோட்டாரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்திருக்கின்றன.

"எங்க அவன்?"

மரத்தூளைக் கூட்டிக்கொண்டிருந்த மச்சான் பெண்டாட்டி வாயெல்லாம் சிரிப்பாக நிமிர்ந்தாள்.

"மரம் எடுக்கப் போயிருக்காரு அண்ணே. ரொட்டிக்கடை வேலைக்கு உங்க ஒத்த மோட்டார் திணறுமேன்னு, உங்ககிட்ட சொல்லாம இதை மாட்டி, உங்க சுவிட்சுலயே சேர்த்துட்டாரு. பெல்ட் நீளமாப் போச்சுன்னு குறுக்கப் போட்டு இறுக்கினாரு. வந்ததும் முதல்ல அதைத்தான் கேப்பாரு, இப்ப வேகம் நல்லாக் கூடியிருக்குல்ல?"