ஒரு நாள் விடாமல் லாக்-இன்

மதிப்பிற்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். என் மானம் மட்டும் படுத்த படுக்கையாகக் கிடக்கிறது.

கடல்சார் கல்லூரி அலுவலகத்தில் நீங்கள் தலைகீழாக நின்று வாங்கிக் கொடுத்த கேப்டன் சான்றிதழ் வகுப்பு இடத்தை நான் விட்டுவிடுகிறேன். விலகல் கடிதம் இதனுடன் இருக்கிறது, உரிய மேசையில் சேர்த்துவிடுங்கள். கோபப்படாமல் முழுவதும் படியுங்கள். இருபத்திரண்டு வருடமாக இந்தப் பயணிகள் படகில் கயிறு கட்டுகிறேன். இரண்டு மாதத்தில் கேப்டன் ஓய்வு பெறுகிறார். சான்றிதழ் இருந்தால் சுக்கான் என் கைக்கு வரும். இல்லாவிட்டால் நேற்று மீசை முளைத்த யாரோ மேலே நின்றுகொண்டு கயிறு போடச் சொல்வான், நான் கீழே நின்று போட வேண்டும். அதை நினைத்தாலே வயிறு எரிகிறது.

ஆரம்பமே கோணல். டிஜிட்டல் கல்விக்கு மாணவர் தயாரா என்று ஒரு படிவம் கொடுத்தார்கள். டேப்லெட் பயன்படுத்திய அனுபவம் எத்தனை ஆண்டு என்ற கேள்விக்கு, ரத்த அழுத்தம் வந்ததிலிருந்து ஆறு ஆண்டு, சாப்பாட்டுக்குப் பின் ஒன்று என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன். 'மாணவர் மிகவும் தயார்' என்று முடிவு வந்தது. கையோடு சிலேட்டு மாதிரி ஒரு கருவியையும் கொடுத்தார்கள், அதற்கும் பேர் டேப்லெட்டாம். ஆசிரியர் சின்ன வயசுக்காரர், ஆனால் மரியாதை தெரிந்தவர். "ஐயா, தினமும் லாக்-இன் பண்ணிடுங்க. ஒரு நாள்கூட விட்டுடாதீங்க" என்றார்.

மச்சான், காற்று, கடல், அன்றன்றைய நடப்பு என்று படகின் லாக் புத்தகத்தை இத்தனை காலம் எழுதியவன் நான். எனக்கா சொல்லித் தர வேண்டும்? படகில் எழுதினால் லாக், வீட்டுக்குள் எழுதினால் லாக்-இன் என்று எடுத்துக்கொண்டு, புது நோட்டு வாங்கி இருபத்தொரு நாள் எழுதினேன். கருவிக்குக் கீறல் விழக் கூடாதே என்று அதைப் பீரோவில் பூட்டி, சாவியை உங்கள் தங்கையிடம் கொடுத்தேன். சில வரிகளைப் பாருங்கள்.

'முதல் நாள்: காற்று தென்மேற்கு. டேப்லெட் பீரோவில் பத்திரம்.'

'ஒன்பதாம் நாள்: காலையில் நிறைந்திருந்த சார்ஜ் மாலையில் பாதி. எங்கோ கசிவு.'

'பதினான்காம் நாள்: சமையலறை வாசலில் மனைவியுடன் மோதல். நேருக்கு நேர் வந்தா படகு மாதிரி ரெண்டு பேரும் வலப்பக்கம் ஒதுங்கணும்னு தெரியாதா என்று கேட்டாள். வானிலை மோசம்.'

நேற்று எல்லோரையும் வகுப்புக்குக் கூப்பிட்டார்கள். "லாக்-இன் பண்ணீங்களா ஐயா?" என்றார் ஆசிரியர். "ஒரு நாள் விடலைங்க!" என்று நெஞ்சை நிமிர்த்தி நோட்டை நீட்டினேன். அவர் புரட்டினார். வாயைப் பொத்தினார். பின் பெஞ்சு வரைக்கும் சிரிப்பு போனது. "ஐயா, லாக்-இன்னா அந்த டேப்லெட்டுக்குள்ள போய்ப் பாடம் படிக்கணும். ஒரு வாரம் போகலைன்னாலே பேர் தானா நீங்கிடும். இருங்க, பட்டியலைப் பாக்குறேன்" என்றார். நான் இருக்கவில்லை. எந்த முகத்தோடு இருப்பேன்? கழுதை கெட்டால் குட்டிச்சுவர், நான் திரும்பக் கயிற்றுக்கே போகிறேன். உங்கள் தங்கையிடம் இன்னும் சொல்லவில்லை, அதுதான் பெரிய பயம்.

உங்கள் வீட்டு அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் என்னைப் போல் இல்லாமல் நன்றாகப் படிக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
கயிற்றோடு பிறந்த உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: விலகல் கடிதத்தைக் கிழித்துவிடுங்கள். உறை ஒட்டும் நேரத்தில் ஆசிரியர் போன் செய்தார். பட்டியலில் என் பேர்தான் முதலாம். இருபத்தொரு நாளும் வருகை, எல்லாப் பாடத்திலும் முழு மதிப்பெண். கசிவு எங்கே என்று அப்போதுதான் புரிந்தது. திரும்பிப் பார்த்தால் உங்கள் தங்கை. "பாஸ்வேர்டு பின்னாலயே ஒட்டியிருந்துச்சு. பூட்டி வச்சா அது வீணாத்தானே போகும்?" என்றாள். கடைசிப் பாடத்தின் தேர்வில், திரையில் ஓட்டும் படகை முதல் தடவையிலேயே துறைமுகத்தில் இடிக்காமல் கட்டினாளாம். திங்கட்கிழமை அதே தேர்வு, ஆசிரியர் முன்னால், நான் நேரில் செய்ய வேண்டும். அவளுக்கும் ஒரு விண்ணப்பப் படிவம் அனுப்புங்கள். மத்தியானம் முதல் எனக்கு அவள்தான் பாடம் நடத்துகிறாள், நோட்டும் அவள் கைக்குப் போய்விட்டது. இன்றைய லாக்: 'காற்று இல்லை. கடல் அமைதி. மாணவர் இன்னும் தயாரில்லை.'