பெரியவர்கள் கிளினிக்கில் முதல் நாள்

என் மகள் சிவமலர் தன் ரத்தச் சர்க்கரை அளவை எழுதிவைக்கும் நோட்டைக் கெடுத்தது நான்தான்.

இருபத்தாறு வருடமாக அரசாங்க ஆபிசில் குமாஸ்தா. கிறுக்கிய காகிதம் மேலதிகாரி மேசைக்குப் போனால் எனக்குச் சோறு இறங்காது. மலருக்குப் பதினெட்டாகிவிட்டது, சிறுபிள்ளைகள் கிளினிக்கில் இனி இடமில்லை. பெரியவர்கள் கிளினிக்கின் புது டாக்டர், தனியாக இருக்கலாம் என்று லெட்டர் கொடுத்தால்தான் திங்கட்கிழமை பினாங்கு காலேஜ் ஹாஸ்டல். அவரிடம் ரத்தப் பொட்டு ஒட்டிய நோட்டையா நீட்டுவது? புது நோட்டு வாங்கி, கோடு போட்டு, நீல மையில் ஃபேர் காப்பி எடுத்தேன். 17, 18 என்று ஏறி மானத்தை வாங்கிய எண்களில், முன்னால் நின்ற 1-ஐ மட்டும் விட்டுவிட்டேன்.

டாக்டர் வீரசிங்கம் நோட்டைப் புரட்டினார்.

"மலர், ஒரு நாளைக்கு எத்தனை ஊசி?"

"ரெண்டு, டாக்டர்" என்றேன் நான்.

"எல்லாம் ஏழு, எட்டு. பிரமாதம்! இன்சுலினைக் குறைச்சிடலாமா?"

குறைத்தால் பிள்ளை படுத்துவிடுவாளே!

"வேணாம் டாக்டர்! சர்க்கரை பார்க்கிற மெஷின் சரியில்ல."

"அப்போ புது மெஷின்ல ஒரு மாசம் பார்ப்போம். லெட்டர் பிறகு."

"இல்ல இல்ல, மெஷின் நல்ல மெஷின்தான். எழுதினதுதான் கொஞ்சம் தப்பு."

"சொந்த சர்க்கரையையே சரியா எழுதாத பொண்ணு, ஹாஸ்டல்ல எப்படித் தனியா இருக்கும்?"

மலர் சுழலும் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீயே சொல்லு மகள்" என்றேன்.

"டாக்டர், இவர் எப்பவும்..."

"அவள் சொல்ல வாறது என்னன்னா" என்று நானே தொடர்ந்தேன்.

"அப்பா! கொஞ்சம் சும்மா இருங்கோ!"

நர்ஸ் புஷ்பவல்லி திரும்பிக்கொண்டு எதையோ தேடினார். அவர் தோள் சிரிப்பில் குலுங்கியது.

இனி மழுப்ப வழியில்லை.

"நான்தான் மாத்தி எழுதினேன், டாக்டர். இவள் ஏழு வருஷமா ஒரு நாள் தவறாம சரியா எழுதுறவள். எனக்குத்தான் பயம். அங்க சர்க்கரை இறங்கிட்டா யார் இனிப்பா மைலோ கலக்கிக் கொடுப்பா? ஆனா போகணும்னு ஆசைப்படுறாள். என் கோணல் புத்திக்காக அவளை மறிக்காதீங்க. லெட்டர் உண்டா, இல்லையா? நேரா சொல்லுங்க."

டாக்டர் பேனாவை மூடிவிட்டு நர்ஸைப் பார்த்தார்.

"அவ போன புதன்கிழமையே பழைய நோட்டோட தனியா வந்து லெட்டர் வாங்கிட்டுப் போயிட்டா, அங்கிள்" என்றார் புஷ்பவல்லி. "இன்னைக்கு அப்பாயின்மென்ட் உங்களுக்குத்தான் லா."