காதில் ஏலக்காய் வைத்த சாமி

ராசிங்காபுரத்தில் ஒரு மாதமாக ஆண்டவன் ஏலக்காய் வழியாகப் பேசிக்கொண்டிருந்தார். எட்டு மில்லிமீட்டருக்குக் குறைந்த காயில் பேச மாட்டாராம். ஏற்றுமதித் தரம்தான் வேண்டுமாம்.

அந்தக் காயை வலது காதில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் ஏலச் சாமியார். வருகிறவரின் பேர், ஊர், நோய் மூன்றையும் கேட்காமலே சொல்வார். போடியிலிருந்து பஸ்சு பஸ்சாகக் கூட்டம். எந்த நோய்க்கும் ஒரே மருந்து: காதில் ஏலக்காய். தோட்டத்துக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் காதை அடைத்துக்கொண்டதால், போடிமெட்டு ஜீப்புக்காரர்களுக்கு ஆரன் அடித்தே கை சலித்தது.

சுருளியம்மாள் தன் மகள் சந்திரவல்லியை அங்கே இழுத்து வந்தாள். மகளுக்குப் பிறவியிலேயே காது மந்தம். இரண்டு வருடம் அலைந்து அரசு முகாமில் காது மெசின் வாங்கிய பிறகுதான் ஏலக்காய்க் கடையில் போன் எடுக்கும் வேலை கிடைத்திருந்தது.

செருப்பு விடும் இடத்தில் ஜக்கையன் என்ற சீடர் அன்பாக விசாரித்தார். "பேரென்ன ஆத்தா? புள்ளைக்கு என்ன கோளாறு?" சுருளியம்மாள் பிரசவத்திலிருந்து ஆரம்பித்தாள்.

உள்ளே சாமியார் காயைத் தடவினார். "சந்திரவல்லி. காது மந்தம். அந்த மெசினுக்குள்ள பேய் இருக்கு. கழட்டித் தீயில போடு."

"கழட்டுடி" என்றாள் அம்மா.

"இது போனா என் சோலியும் போயிரும்மா."

சந்திரவல்லி மெசினைக் கையால் பொத்தினாள். விரல் பட்டு, போன் பேசும்போது அமுக்குகிற பொத்தான் அமுங்கியது. அதை அமுக்கினால் சுற்றியுள்ள சத்தம் அடங்கிப் போன் பேச்சு மட்டும் கேட்கும். இப்போது கையில் போன் இல்லை. ஆனாலும் காதுக்குள் ஒரு குரல். செருப்பு விடும் இடத்தில் கேட்ட அதே குரல்.

கேட்டதை அப்படியே உரக்கச் சொன்னாள்: "அடுத்தது மஞ்சச் சேலை. பேரு ரோஜா, பொட்டிபுரம், முட்டிவலி. வெரசா முடிங்கண்ணே, புரோட்டா ஆறுது."

"புள்ளைக்கு அருள் வந்திருச்சு" என்று ரோஜா முட்டிவலியை மறந்து அவள் காலில் விழுந்தாள்.

சந்திரவல்லி பொத்தானை மாற்றினாள். "எந்திரிங்கக்கா. அருளு வரல, ஜக்கையண்ணன் போனுதான் வந்துச்சு. அவரு போன வாங்கி வச்சுட்டு, சாமிய அடுத்த ஆளு பேரச் சொல்லச் சொல்லுங்க."

போன் பிடுங்கப்பட்டது. ஒரு ஜீப்பு டிரைவர் முன்னால் வந்து உட்கார்ந்தார். சாமியார் கண்ணை மூடினார். வியர்த்தார். காயைத் திருகினார்.

"ஆண்டவன் மலையேறிட்டாரு. அங்க டவர் கெடைக்காது."

டிரைவர் கையை நீட்டி அந்தக் காயைப் பிடுங்கினார். அதற்குப் பின்னால் உளுந்தளவு ஒரு கருவி. ருத்திராட்ச மாலைக்கடியில், மடியில் மறைத்த போனிலிருந்து அதற்குப் பேச்சு அனுப்பும் ஒயர். எதிரே உட்கார்ந்த சந்திரவல்லியின் மெசின் பிடித்தது அந்த ஒயரிலிருந்து வந்ததைத்தான்.

சுருளியம்மாள் சேலையை வரிந்து கட்டினாள். "எம் மக மெசினு பேயி, உன் மெசினு மட்டும் சாமியாடா?"

சாமியார் ஓடினார். செருப்பைப் போடவில்லை. செருப்புக்குக் காவலிருந்த ஜக்கையன் அவருக்கு முன்னாலேயே ஓடிவிட்டார்.

கூட்டம் கலையவில்லை. மெல்ல நகர்ந்து சந்திரவல்லியைச் சூழ்ந்தது. இரண்டு காதிலும் காய் வைத்திருந்த ஒருவர் கும்பிட்டார். "ஆத்தா, உன் மெசினு எந்தெந்தக் கெழமைல வாக்குச் சொல்லும்?"

"இது கேக்க மட்டுந்தான் வைக்கும். யோசிக்க மெசினு வரல, அத நாமதான் செய்யணும்."

"என்னது?" என்றார் அவர்.

"மொதல்ல காதுல இருக்குற காய எடுங்கண்ணே."