லகசேத்தின் ஆங்கில விரதம்

எங்கள் தீவில், ரோஸ் பெல் என்ற ஊரில் ஒரு சம்பவம் நடப்பதற்கு முன்பே அதன் செய்தியைத் தெரிந்துகொள்ளக்கூடிய மனிதர் ஒருவர்தான் இருந்தார். பஸ் கண்டக்டர். சொந்தப் பெயர் அவர் மனைவிக்கே மறந்திருக்கும். தீவின் பேச்சுமொழியான கிரியோலில் செய்தித்தாளுக்கு என்ன பெயரோ, அதுதான் அவருக்கும்: லகசேத்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், சனிக்கிழமை பிற்பகல்களில், அரசுப் பள்ளி இரவல் கொடுத்த அறையில் பெரியவர்களுக்கு நான் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தேன். லகசேத் எட்டு வருட மாணவர். வந்ததும் என் மேசை இழுப்பறையிலிருந்து சாக்பீஸ் எடுத்து, வகுப்பின் செய்திகளைக் கரும்பலகையில் ஆங்கிலத்தில் எழுதுவார். கீழே 'சிந்தனை' என்று ஒரு வரி.

"செய்தி: இன்று பதினொரு பேரில் நான்கு பேர் வந்தோம். சிந்தனை: ஆங்கிலத்தைவிட மழைக்குப் பலம் அதிகம்."

"செய்தி: ஆசிரியருக்குப் பெண் பார்க்கிறார்கள். சிந்தனை: பெண்ணின் தகப்பனார் இந்த வகுப்பைப் பார்க்காதவரை நல்லது."

எழுதுவாரே தவிர, ஒரு வார்த்தை ஆங்கிலம் பேசமாட்டார். "நாக்குல வரமாட்டேங்குது மிஸ்யே, பா காப்பாவ், முடியாது!" என்று கையை விரித்துவிடுவார்.

அந்தச் சமயத்தில்தான் கல்வி இலாகாவிலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. அதிகாரி வந்து பார்ப்பாராம். மாணவர்களில் ஒருவராவது ஆங்கிலம் பேசாவிட்டால் அறையைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களாம். அறை போனால் வகுப்பே போச்சு. யாரிடமும் மூச்சு விடாமல் கடிதத்தை இழுப்பறைக்குள் ஒளித்துவைத்தேன்.

தைப்பூசக் காவடிக்குப் பத்து நாள் விரதம் தொடங்கியது. ஊரெல்லாம் மீனை விட்டது, இறைச்சியை விட்டது. லகசேத் கூடவே கிரியோலையும் தமிழையும் விட்டார். பத்து நாளும் ஆங்கிலம் மட்டுமே பேசுவதாக முருகனிடம் வேண்டுதலாம்!

மூன்றாம் நாளே அவர் மனைவி என் வீட்டுக்கு வந்துவிட்டார். "அய்யோ மிஸ்யே, இந்தாளு தண்ணிகூட இங்கிலீஷ்லதான் கேக்குறார். எனக்கென்ன புரியும்? சோப்பைக் குடுத்தேன். அதையும் தேங்க்யூன்னு வாங்கிக்கிட்டார்!"

பஸ்ஸில் இன்னும் மோசம். 'பெல்' என்றால் பிரெஞ்சில் அழகு என்று ஊர்ப் பெயரையும் மொழிபெயர்த்துவிட்டார். "பியூட்டிஃபுல் ரோஸ்! பியூட்டிஃபுல் ரோஸ்!" என்று அவர் கூவியதில், ரோஸ் பெல்லில் இறங்கவேண்டியவர்கள் மாயேபூர் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

எட்டாம் நாள், சனிக்கிழமை. அதிகாரி வந்து உட்கார்ந்து கேள்வி கேட்டார். எல்லோரும் குனிந்து தத்தம் கால் விரல்களைப் பார்த்தார்கள். அப்போது லகசேத் எழுந்தார்.

"சார், நியூஸ்!"

பத்து நிமிடம் நிறுத்தவேயில்லை. மழை, வராதவர்கள், சோப்பு, எனக்கு அமையாத பெண் எல்லாம் ஆங்கிலத்தில் பொழிந்தன. கடைசியில் சிந்தனை: "கூரை ஒழுகுகிறது, சார். அறையை எடுத்தால் ஒழுகலையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போங்கள்."

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். அறை எங்களுக்கே என்று அங்கேயே எழுதிக் கொடுத்தார். எனக்குத்தான் தூக்கிவாரிப்போட்டது. அறையை எடுக்கப்போகும் விஷயம் இவருக்கு எப்படித் தெரியும்?

காவடியை இறக்கிவைத்ததும் அவரைப் பிடித்தேன். "என்ன வேண்டுதல்? மகனுக்கு வேலையா?"

"நம்ம கிளாசுக்குத்தான், மிஸ்யே. சாக்பீஸ் எடுக்கும்போது அந்த லெட்டரைப் பாத்துட்டேன்."

"ஊர்ச் செய்தியெல்லாம் எழுதுகிறவர், அதை மட்டும் ஏன் பலகையில் எழுதவில்லை?"

"எழுதினா நீங்க அழுவீங்கன்னுதான்."

எழுதாமல் விட்டதற்குத்தான் எனக்கு அழுகை வந்தது.