மூன்றாவது கூப்பாடு

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுவேன். அப்படிப்பட்டவள் பத்திரிகைக்கு எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்த மனிதரைப் பற்றி நானும் சொல்லாமல் விட்டால் வேறு யாரும் சொல்லப்போவதில்லை.

தஞ்சை ஜில்லாவில் அவரைவிடச் சத்தமான மனிதர் பிறந்ததில்லை. இனிமேல் பிறக்கவும் முடியாது. கோர்ட்டில் டவாலியாக இருந்தார். வெள்ளைச் சட்டைக்குக் குறுக்கே சிவப்புப் பட்டையைப் போட்டுக்கொண்டு, வழக்குக்காரர்களின் பேரை வாசலில் நின்று கூப்பிடுவது அவர் வேலை. அவருடைய சொந்தப் பேர் யாருக்கும் தெரியாது. வக்கீல் முதல் டீக்கடைக்காரர் வரை எல்லோருக்கும் அவர் மைக்செட். அவர் வாய் திறந்தால் கோர்ட்டு ஓட்டில் இருக்கும் புறாக்கள் எழுந்து பஸ் ஸ்டாண்டில் போய் உட்காரும். நன்னிலத்துப் பக்கம் வயலில் நின்ற ஒருவர் தன் பேரைக் கேட்டு, நாற்றைப் போட்டுவிட்டுச் சேற்றுக் காலோடு வந்து நின்றார் என்றுகூடச் சொல்வார்கள்.

புதிதாக வந்த ஜட்ஜ் ஒருவர், "காது வலிக்குதுய்யா, மெதுவாக் கூப்பிடு" என்றாராம். மைக்செட் மூன்று நாள் பூனை மாதிரி கூப்பிட்டார். ஒரு ஆளும் உள்ளே வரவில்லை. நாலாம் நாள் ஜட்ஜே, "பழையபடி கத்தித் தொலை" என்று சொல்லிவிட்டார். ஆட்சி மாறியபோதெல்லாம் ஆபீஸ் சுவரில் படம் மாறியது. ஆணியும் மைக்செட்டும் மாறவில்லை.

அப்போதெல்லாம் அங்கே பாதிக்கு மேல் நில வழக்குதான். மிராசுதார் ஒரு பக்கம் முறைப்பார், குத்தகைக்காரர் ஒரு பக்கம் முறைப்பார். நடுவில் விவாகரத்துக்காரர்கள் நாங்கள், எங்கே நிற்பது என்று தெரியாமல் நிற்போம். மைக்செட் எங்களைக் கல்யாண வீட்டில் போலவே பிரித்து வைத்தார்.

"பொண்ணு வீடெல்லாம் வேப்பமரம். மாப்பிள்ளை வீடெல்லாம் பூவரசு. கலந்து நிக்காதீங்க. பந்திக்கு எடம் பிடிக்கிற மாதிரி அடிச்சுக்குவீங்க."

வேப்பமரத்தடியில் இருந்த ஒரு அம்மாள், "ஏங்க, வீட்டுலயும் இப்படித்தான் கத்துவீங்களா?" என்று கேட்டாள்.

"வீட்டுல எனக்கு ஏதும்மா குரலு? அங்க மைக்கு எங்க வீட்டம்மா கையில."

எங்கள் விவாகரத்து முடிந்துவிட்டிருந்தது. மிச்சம் இருந்தது எட்டு வயது மகள். அவளைத் தன்னிடமே விடவேண்டும் என்று அவள் அப்பா மனுப் போட்டிருந்தார். முதல் வாய்தாவில் என் பேரைக் கூப்பிட்டபோது நான் "இருக்கேன்" என்றது எனக்கே கேட்கவில்லை.

"என்னம்மா நீ, நெல்லு அவிக்கிற மாதிரி உள்ளுக்குள்ளயே பொங்குற? வெளிய சத்தம் வந்தாதானே ஐயாவுக்குத் தெரியும்?" என்றார் மைக்செட்.

அடுத்த வாய்தாவுக்கு நான் போகவில்லை. மகளுக்கு அம்மை போட்டிருந்தது. அதற்கடுத்த வாய்தாவுக்கும் போகவில்லை. அதற்குக் காரணம் என் பயம் மட்டும்தான். பஸ் ஏறப் போய், ஏறாமலே திரும்பிவிட்டேன். ஜட்ஜுக்குக் கோபம் வந்துவிட்டது. வக்கீல் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "மூணு தடவை கூப்பிடுவாங்க. மூணாவது முடியுறதுக்குள்ள நீங்க வரலைன்னா எக்ஸ்பார்ட்டி. உங்க பேச்சே எடுபடாது. புள்ளையை அவர்கிட்ட ஒப்படைக்கச் சொல்லிடுவாங்க."

அந்த நாளும் வந்தது. முதல் பஸ்ஸிலேயே மகளோடு கிளம்பிவிட்டேன். ஆனால் பாதி வழியில் சாலை மறியல். அணை திறக்கவில்லை, குறுவை கருகுகிறது என்று விவசாயிகள் காய்ந்த நாற்றைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்திருந்தார்கள். வெகுநேரம் காத்திருந்து பார்த்தேன்.

"தண்ணி வர்ற வரைக்கும் பஸ்ஸு போகாதும்மா. எறங்கி நடங்க" என்றார் ஒரு பெரியவர். அவரைத் திட்டவும் மனம் வரவில்லை. அவர் கையிலிருந்த நாற்று வைக்கோலாக இருந்தது.

நடந்தோம். ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது முதல் கூப்பாடு கேட்டது. பாலம் இறங்கும்போது இரண்டாவது. கடைத்தெரு முனையில் மூன்றாவது ஆரம்பித்தது. மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினேன்.

"மகாலிங்கம் மகள் தேன்மொழீ... கீழத்தெரூ..."

என் அப்பா பேரும் என் பேரும் சொல்லி முடித்த பிறகும் மூன்றாவது கூப்பாடு முடியவே இல்லை. கிராமம் வந்தது, தபால் ஆபீஸ் வந்தது, பிர்க்கா வந்தது, தாலுகா வந்தது. உள்ளே நடந்ததை வக்கீல் பிறகு சொன்னார்.

"பேரைக் கூப்பிடச் சொன்னா பட்டா படிக்கிறியா?" என்று ஜட்ஜ் சீறினாராம்.

"அதே பேருல வேற யாராவது வந்து நின்னுட்டா வம்புங்க ஐயா. இன்னும் ஜில்லா பாக்கி இருக்கு" என்றாராம் மைக்செட்.

"தஞ்சாவூர் ஜில்லாஆஆ..."

கேட்டுக்குள் நுழைந்த நான், வாழ்க்கையில் முதல் தடவையாகக் கத்தினேன். "இருக்கேன்!"

புறாக்கள் எழுந்து பறந்தன.

மைக்செட் மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "போதும்மா. என் வேலைக்கு உலை வச்சிடுவ போலிருக்கு."

மகளை வேப்பமரத்தடியில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போன என்னை ஜட்ஜ் விசாரித்தார். பிறகு தன் அறைக்கு எழுந்து போய், "குழந்தையைக் கூப்பிடு" என்றார். மகளின் பேர் ஊர் முழுக்கக் கேட்கப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். சத்தமே வரவில்லை. திறந்து பார்த்தால், மைக்செட் வேப்பமரத்தடியில் அவள் முன்னால் குந்தி உட்கார்ந்து, அவள் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

யாரோடு இருக்கப்போகிறாய் என்று ஜட்ஜ் கேட்டிருக்கிறார். "ரெண்டு பேரும் வேணும்" என்றிருக்கிறாள். அதற்குச் சட்டத்தில் வழி இல்லை. மகள் என்னோடு இருக்கவேண்டும், இரண்டாவது ஞாயிறுகளில் அப்பா பார்க்கலாம் என்று சாயந்திரம் உத்தரவு சொன்னார்கள். அவள் அப்பா பூவரச மரத்தில் சாய்ந்து அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. ஜெயித்தவள் மாதிரி எனக்கு இல்லை.

கிளம்பும்போது மைக்செட்டிடம் கேட்டேன். "ஏங்க, அவ பேரை மட்டும் ஏன் சத்தமாக் கூப்பிடல?"

பட்டையைக் கழற்றி மடித்துக்கொண்டே சொன்னார்: "அது சாப்பிடக் கூப்பிடுற பேரும்மா. நான் ஒரு தடவை இங்க கூப்பிட்டுட்டா, அப்புறம் நீ கூப்பிடறப்பல்லாம் அதுக்குக் கோர்ட்டு ஞாபகம்தான் வரும்."

அத்தனை வாய்தாக்களில் ஒரு குழந்தையின் பேரைக்கூட அந்த வாசலில் நான் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இங்கேயும் அவள் பேரை நான் எழுதவில்லை.

மறுநாள் அவள் பள்ளிக்கூடம் போனாள். எனக்குக் கால் வீங்கியிருந்தது. ஆற்றில் தண்ணீர் வரவில்லை.